நகரைக் கட்டுவோரும் கலைப்போரும்

நகரங்களின் பெருமையைப் பேசும்போது அவற்றை எழுப்பிய மன்னரைப் போற்றுகிறோம். மாடங்களையும் மதில்களையும் வியக்கிறோம். மண் சுமந்தவரையும் கல் அடுக்கியவரையும் நினைப்பது அரிது. நூற்றாண்டுகள் நிலைத்த நகரங்களுக்கே இந்நிலை என்றால், ஒன்பது நாள் வாழ்ந்து மறையும் நகரம் ஒன்றைக் கட்டுவோரையும் கலைப்போரையும் யார் நினைப்பார்? அத்தகைய நகரம் அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் என்னும் பாலைநிலத்தில் எழுந்து மறைகிறது. அந்நகரின் உழைப்பாளிகள் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரி திரிந்த பாலை

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பில் திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் செய்தி. பிளாக் ராக்கில் ஓர் ஏரியே திரிந்து பாலையாகியுள்ளது. பனியூழிக் காலத்தில் பரந்து கிடந்த லகோந்தன் என்னும் பேரேரி வற்றியபின் எஞ்சிய அடித்தளம் அது. மணல்மேடு இல்லை, மரம் இல்லை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெளிறிய களிமண் தரை. அதன் சமதளத்தின் சிறப்பை ஒரு செய்தியால் உணரலாம்: 1997ஆம் ஆண்டில் ஒலியின் வேகத்தை விஞ்சி ஓடிய முதல் தரைவாகனம் சாதனை படைத்தது இப்பாலையில்தான்.

இங்குக் கூடும் விழாவின் பெயர் பர்னிங் மேன்; எரியும் மனிதன் என்று பொருள்படும். 1986ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரின் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்ஸும் நண்பர் சிலருடன் மரத்தால் ஆன மனித உருவொன்றை எரித்தனர். அதுவே தொடக்கம். 1990ஆம் ஆண்டில் விழா பாலைக்குப் பெயர்ந்தது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆகிய ஈராண்டுகள் நீங்கலாக, கோடையின் இறுதியில் அங்கு நகரம் எழுந்து வந்துள்ளது. அண்மை ஆண்டுகளில் அங்குத் தங்குவோர் தொகை எழுபதாயிரத்தை ஒட்டியது. பனிக்கட்டி போன்ற சிலவற்றைத் தவிர நகருக்குள் விற்பனை இல்லை, கொடையே வழக்கு. தற்சார்பு, கூட்டு முயற்சி, தடம் விடாமை முதலிய பத்துக் கொள்கைகளை ஹார்வி 2004ஆம் ஆண்டில் வகுத்தளித்தார்.

கட்டுவோர்

தொடக்க ஆண்டுகளில் அங்குத் தெருவும் இல்லை, எல்லையும் இல்லை. 1996ஆம் ஆண்டில் ஊர்திகளால் உயிரிழப்பும் கொடுங்காயங்களும் நேர்ந்தன. கட்டற்ற சுதந்திரத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்தியது. ராட் காரெட் என்னும் வடிவமைப்பாளர் வட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு போன்ற வளைவாக நகரை வரைந்தார். நடுவில் மனித உருவம். அதனைச் சூழ்ந்து வளைதெருக்கள். அவற்றை ஊடறுத்துக் கடிகார முட்களின் நிலையைப் பெயராகக் கொண்ட நேர்தெருக்கள். இவ்வரைபடத்தை நிலத்தில் நிறைவேற்ற ஒரு பணிப்படை தோன்றியது. அதன் பெயர் பொதுப்பணித் துறை! நம் செவிக்குப் பழகிய பெயரே எனினும் இஃது அரசுத் துறையன்று. விழா நிறுவனத்தின் உழைப்பாளர் கூட்டம். தச்சர், மின்பணியாளர், பொறி ஓட்டுநர், நில அளவையாளர், சமையற்காரர் எனப் பலரும் இதில் உள்ளனர்.

விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே இவர்கள் பாலைக்குள் நுழைகின்றனர். மனித உருவம் நிற்கவிருக்கும் இடத்தில் பொன்னிற முளை ஒன்றை அறைவது முதற்சடங்கு. அப்புள்ளியிலிருந்தே நகரம் முழுவதும் அளக்கப்படுகிறது. சிறு கொடிகளால் தெருக்கள் குறிக்கப்படுகின்றன. பின்னர் ஐங்கோண வடிவில் ஏறத்தாழ ஒன்பது மைல் நீளமுள்ள வேலி எழுகிறது. நகரைப் பகைவரிடமிருந்து காக்கும் மதிலன்று இது; காற்றில் பறக்கும் குப்பை பாலைக்குள் சென்றுவிடாமல் தடுக்கும் குப்பை வேலி. நகரின் முதல் கட்டுமானங்களிலேயே அதன் இறுதிநாள் பற்றிய கவலை அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

பணியின் கடுமை சிறிதன்று. பகலில் வெயில், இரவில் குளிர், இடையிடையே எதிரில் நிற்பவர் முகமும் தெரியாத புழுதிப்புயல். அப்புழுதி காரத்தன்மை உடையது. வெறுங்காலில் படியின் தோல் வெடிக்கும். புளிக்காடி கலந்த நீரால் கால் கழுவுவது அங்குள்ளோர் கண்ட மருந்து.

கலைப்போர்

மனித உருவம் எரிகிறது. மக்கள் ஆரவாரம் செய்கின்றனர். மறுநாள் முதல் ஊர்திகள் வரிசையாக வெளியேறுகின்றன. செய்தித்தாள்களுக்கு விழா அத்துடன் முடிகிறது. உழைப்பாளிகளுக்கோ இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்குகிறது. கம்பங்கள் சாய்கின்றன, முளைகள் பிடுங்கப்படுகின்றன, வேலி சுருட்டப்படுகிறது. அதன்பின் நிலமீட்புக் குழுவினர் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, தரையை நோக்கிய கண்களுடன் நகரின் பரப்பு முழுவதையும் நடந்தே கடக்கின்றனர். மரச்சில்லு, திருகாணி, சிகரெட்டுத் துண்டு, ஆடையினின்று உதிர்ந்த சரிகைப்பொட்டு என ஒவ்வொன்றையும் குனிந்து எடுக்கின்றனர்.

இப்பொருள்களை அவர்கள் குப்பை என்று அழைப்பதில்லை. 'இடம் மாறிக் கிடக்கும் பொருள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மூப்' என்கின்றனர். அழுக்கு என்பது இடம் மாறிய பொருளே என்னும் கருத்தை மானிடவியலறிஞர் மேரி டக்ளஸ் 1966ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். அறிஞர் ஏட்டில் கண்ட உண்மையை இவர்கள் முதுகு வளைத்துக் காண்கின்றனர்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பாலை நடுவணரசின் நில மேலாண்மை அலுவலகத்துக்கு உரிய பொதுநிலம். இலையுதிர் காலத்தில் அதிகாரிகள் வந்து, தேர்ந்தெடுத்த இடங்களில் கிடப்பவற்றைத் திரட்டி அளக்கின்றனர். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் எஞ்சும் பொருள்கள் ஒரு சதுர அடிப் பரப்புக்கு மேற்படலாகாது என்பது அளவுகோல். தவறினால் அடுத்த ஆண்டின் இசைவுக்கே இடர் நேரும். ஆகவே எழுபதாயிரம் பேரின் மகிழ்ச்சி, எஞ்சியிருந்து குனிந்து எடுக்கும் சிலரின் கைகளில் தங்கியுள்ளது. 2023ஆம் ஆண்டில் விழாவின் இறுதி நாட்களில் பெருமழை பெய்தது, களிமண் சேறாயிற்று, ஊர்திகள் புதைந்தன, பல்லாயிரவர் வெளியேற இயலாமல் தவித்தனர். அவர்கள் திரும்பியபின், காய்ந்து இறுகிய சேற்றுத் தடங்களுக்குள் புதையுண்டவற்றைத் தோண்டி எடுத்தவர் இக்குழுவினரே. அவ்வாண்டும் நிலம் தேர்வில் வென்றது.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலாவது, தடம் விடாமை யாருடைய கடமை? கொள்கைப்படி அது வந்தவர் ஒவ்வொருவருடைய கடமை. பெரும்பாலோர் அதைப் பேணவும் செய்கின்றனர். ஆயினும் மீட்புக் குழு இன்றி அந்நிலம் தேர்வில் வெல்லாது. நகரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலை பிரமிட் ஏரிப் பையூட் பழங்குடி மக்களின் நிலத்தின் வழியே செல்கிறது. அச்சாலை ஓரங்களில் குப்பை மூட்டைகள் வீசப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. வேலிக்குள் தூய்மையும் வேலிக்கு வெளியே அலட்சியமும் என்றால், அது கொள்கையன்று. தேர்வுக்கு அஞ்சிய நடிப்பே. இக்குழு 2006ஆம் ஆண்டு முதல் ஒரு வரைபடம் வெளியிட்டு வருகிறது. எந்தக் குடில் இருந்த இடம் தூயது, எது தூய்மையற்றது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் காட்டும். துப்புரவு செய்பவரே தீர்ப்பும் வழங்குகிறார்! அழுக்கை அகற்றுபவரைத் தாழ்த்தி, அழுக்காக்கியவரை உயர்த்தி வைக்கும் உலகில் இவ்வேற்பாடு போற்றத்தக்கது.

இரண்டாவது வினா கூலியைப் பற்றியது. இப்பணிப்படையில் ஊதியம் பெறுவோரும் உளர். ஊதியமின்றித் தொண்டாற்றுவோரும் உளர். விரும்பி வந்தவர்கள், தோழமையும் மனநிறைவுமே அவர்தம் ஊதியம் என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அவர்களுள் பலர் ஆண்டுதோறும் திரும்பி வருவதே அதற்குச் சான்று. எனினும் 2023ஆம் ஆண்டில் முதன்மை நுழைவுச்சீட்டின் விலை 575 டாலர். வாயிலில் பணம் உண்டு. வாயிலுக்குள்தான் பணம் இல்லை. வருவோர் தம் கைப்பொருளில் ஒரு பங்கைக் கொடையாகத் தருகின்றனர். உழைப்பவரோ தம் உடலையும் பல வாரங்களையும் தருகிறார். இரண்டையும் கொடை என்னும் ஒரே சொல்லால் அளப்பது நீதியாகாது. கொடை என்பது கொடுப்பவர் உவந்து அளிப்பது. பெறுபவர் முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்து எதிர்பார்த்தால் அது கொடையன்று, கொடுக்காமல் விட்ட கூலி. எனவே அறம் பேசும் நிறுவனம், ஆபத்தும் கடுமையும் மிக்க பணிகளுக்கு முறையான ஊதியமும், காயமுற்றால் காப்பும், பருவம் முடிந்து வேலையற்றுத் திரும்புவோர்க்கு ஆதரவும் அளித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

ஆக்குதல் எளிது, அதற்குப் புகழும் உண்டு. ஆக்கியதை அழகாகக் கலைத்து, நிலத்தை நிலத்திடமே ஒப்படைத்தல் அரிது. அதற்குப் புகழ் இல்லை. இப்பாலையின் பணியாளர் வெற்றி பெற்றார் என்பதற்கு அடையாளம், அவர் செய்த எதுவுமே கண்ணுக்குத் தெரியாதிருத்தல். தெரியாத உழைப்பை மதிக்கக் கற்ற சமுதாயமே நாகரிகமுற்ற சமுதாயம். ஒரு விழாவின் தகுதியை அதன் முதல்நாள் ஒளியைக் கொண்டு அளக்க வேண்டாம். கடைசி ஊர்தி சென்றபின் அங்கே யார் நிற்கிறார், என்ன பெறுகிறார் என்பதைக் கொண்டு அளப்போம்.