ஏழைப் பெண் சொல் அம்பலம் ஏறுமா?

மராட்டிய மாநிலத்தில், அன்றைய சந்திரபூர் மாவட்டத்தில், தேசாய்கஞ்ச் என்று ஓர் ஊர். 1972-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி இரவு. மணி பத்தரை இருக்கும்.

அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்தில் ஒரு புகாரை விசாரித்து முடித்தார்கள். புகார் கொடுத்தவர் ஓர் ஆதிவாசி வாலிபர். தன் தங்கையைச் சிலர் கடத்திவிட்டார்கள் என்பது அவர் புகார். தங்கையும் அங்கே வந்திருந்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் கிடையாது. கூலி வேலை செய்து பிழைப்பவள். வயது 14-க்கும் 16-க்கும் இடையில் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

வாக்குமூலம் எழுதியாயிற்று. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒரு போலீஸ்காரர் அந்தப் பெண்ணை மட்டும் நிற்கச் சொன்னார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. விளக்கு அணைந்தது.

வெளியே நின்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. கூட்டம் கூடிவிட்டது. சிறிது நேரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்தாள். தன்னைப் போலீஸ்காரர் பலாத்காரம் செய்தார் என்றும், குடித்திருந்த ஏட்டு தன்னிடம் முறைகேடாக நடந்தார் என்றும் சொன்னாள்.

அவள் சொன்னது மெய்யா, பொய்யா? இந்தக் கேள்விக்கு மூன்று கோர்ட்டுகள் விடை சொன்னன. அந்த விடைகளால் இந்தியாவின் சட்டமே மாறிற்று.

மூன்று கோர்ட்டு, மூன்று தீர்ப்பு

முதலில் செசன்சு கோர்ட்டு. 1974 ஜூனில் தீர்ப்பு வந்தது. இருவரும் விடுதலை. அந்தப் பெண் பொய் பேசுகிறவள் என்றார் நீதிபதி. அவள் ஏற்கெனவே ஆண் உறவுக்குப் பழகியவள். ஆகவே சம்மதத்தோடு நடந்தது என்றே கொள்ள வேண்டும் என்றார்.

அப்பீல், பம்பாய் ஐகோர்ட்டின் நாக்பூர் கிளைக்குப் போயிற்று. 1976 அக்டோபரில் அங்கே தீர்ப்பு தலைகீழாயிற்று. போலீஸ்காரருக்கு ஐந்து ஆண்டு, ஏட்டுக்கு ஓர் ஆண்டு. நீதிபதிகள் ஒரு வேறுபாட்டை எடுத்துக் காட்டினார்கள். பயத்தால் அடங்கிப் போவது வேறு. மனம் ஒப்புவது வேறு. நள்ளிரவு நேரம். போலீஸ் நிலையம். அண்ணன் கொடுத்த புகாரின் பேரில் வந்து நிற்கும் அநாதைப் பெண். அவள் அடங்கிப் போனாள் என்றால் அது சம்மதம் ஆகாது என்றார்கள்.

பிறகு சுப்ரீம் கோர்ட்டு. 1978 செப்டம்பர் 15-ந் தேதி மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இருவரும் மறுபடி விடுதலை. அவள் உடம்பில் காயம் இல்லை. ஆகவே அவள் எதிர்த்துப் போராடினாள் என்பதை நம்ப முடியாது. கூவினேன் என்பது கட்டுக் கதை. போலீஸ்காரர் கையைப் பிடித்தபோது அண்ணன் பக்கத்தில்தானே இருந்தான்? அவனிடம் ஏன் முறையிடவில்லை? இந்த வழியில் போயிற்று அந்தத் தீர்ப்பு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்விகள் எல்லாம் அவளை நோக்கியே வந்தன. ஏன் கூவவில்லை? ஏன் காயம் இல்லை? முன்பு யாரோடு பழகினாய்? ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு சிறு பெண்ணை எதற்காகத் தனியே நிறுத்தினாய் என்று போலீஸ்காரரைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தீர்ப்பில் அமுங்கிப் போயிற்று. கூண்டில் நின்றது அவர்கள், விசாரிக்கப்பட்டது அவள்.

ஒரு கடிதம்

ஏறக்குறைய ஓர் ஆண்டு இந்தத் தீர்ப்பைப் பற்றி வெளியே பேச்சே இல்லை. சட்டப் புத்தகங்களில் அச்சாகிக் கிடந்தது.

1979 செப்டம்பரில் சட்ட ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்பவர்கள் அவர்கள். சம்மதத்துக்கும் அடங்கிப் போவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கோர்ட்டு மறக்கலாமா என்று கேட்டார்கள். அவள் ஏழை, படிக்காதவள், ஆதிவாசி, சிறு பெண். போலீஸ் நிலையத்துக்குள் அவள் நிலை என்ன என்பதைத் தீர்ப்பு எண்ணிப் பார்க்கவே இல்லை என்று எழுதினார்கள்.

சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பை இப்படி நேருக்கு நேர் குறை சொல்லிச் சட்ட ஆசிரியர்கள் எழுதுவது அந்த நாளில் பெரிய துணிச்சல். கடிதம் பத்திரிகைகளில் வந்தது. 1980 மார்ச் 8-ந் தேதி, மகளிர் தினத்தன்று, பல நகரங்களில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்றார்கள். அது நடக்கவில்லை. அந்த இருவரின் விடுதலை அப்படியே நின்றது.

ஆனால் சட்டம் அசைந்தது. 1983-ல் பார்லிமெண்டு ஒரு திருத்தச் சட்டம் கொண்டு வந்தது. போலீஸ்காரர், சிறை அதிகாரி, ஆஸ்பத்திரி நிர்வாகி போன்றவர்கள் தம் பிடியில் உள்ள பெண்ணைக் கெடுத்தால் குறைந்தது பத்து ஆண்டு தண்டனை. அத்தகைய வழக்கில் உறவு நடந்தது ருசுவாகி, "எனக்குச் சம்மதம் இல்லை" என்று அந்தப் பெண் கோர்ட்டில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட்டு கொள்ள வேண்டும். அப்படி அல்ல என்று காட்டுவது எதிரியின் வேலை. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். பெண்ணின் பெயரை வெளியிட்டால் அதுவே குற்றம்.

இத்தனையும் தேசாய்கஞ்ச் பெண்ணால் வந்தது. அவளுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்த முள்

1983-க்குப் பிறகும் பழைய சாட்சியச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. புகார் சொன்ன பெண் நடத்தை கெட்டவள் என்று காட்டி, அவள் சாட்சியத்தை எதிரி உடைக்கலாம் என்ற வரி. வெள்ளைக்காரன் 1872-ல் எழுதியது. சுதந்திரம் வந்து ஐம்பது ஆண்டு கழித்தும் அது இருந்தது. 2003-ல்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டர் இரண்டு விரலால் சோதித்து, இவள் முன்பே உறவுக்குப் பழகியவளா என்று எழுதிக் கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு வக்கீல் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வார். அந்தச் சோதனை பெண்ணின் மானத்தைக் கெடுப்பது, கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் சொல்லிற்று. வழக்கம் நிற்கவில்லை. 2022-ல் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. இனி யாராவது செய்தால் அது ஒழுங்கீனக் குற்றம் என்று கண்டித்துச் சொன்னார்கள். சட்டம் டெல்லியில் மாறிய வேகத்தில் ஊர் ஆஸ்பத்திரியில் மாறுவதில்லை.

தமிழில் உள்ள ஒரு சொல்லையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இந்தக் குற்றத்துக்குப் பத்திரிகைகள் நெடுங்காலம் வைத்திருந்த பெயர் "கற்பழிப்பு". திருடு போனால் திருடனுக்குத்தான் பழி. இந்தக் குற்றத்தில் மட்டும், அழிந்தது இவளுடைய கற்பு என்று பெயரிலேயே எழுதி வைத்தோம். இப்போது "பாலியல் வன்கொடுமை" என்று எழுதுகிறார்கள். மூன்று எழுத்து நீளம்தான். இருந்தாலும் குற்றம் செய்தவன் பக்கம் கை காட்டும் சொல்.

வாச்சாத்தி

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஒரு முழுக் கிராமத்தையே சுற்றி நின்றது. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி. மலைவாழ் மக்கள் வசிக்கும் ஊர்.

1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை பதுக்கி இருக்கிறது என்று சொல்லி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். மக்களை அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். பிறகு அந்த ஊர்ப் பெண்கள் மேலேயே கடத்தல் வழக்குப் போட்டுச் சிறையில் அடைத்தார்கள்.

பெண்கள் சொன்னதை அதிகாரிகள் மறுத்தார்கள். சந்தனம் கடத்துகிறவர்கள் கட்டிவிட்ட கதை என்றார்கள். தேசாய்கஞ்சில் ஒரு பெண்ணுக்கு நடந்தது இங்கே ஊருக்கே நடந்தது. ஊர்க்காரர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் ஐகோர்ட்டு வரை போனார்கள். 1995-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் சர்க்கார் சிப்பந்திகள். தர்மபுரி செசன்சு கோர்ட்டில் 2011 செப்டம்பர் 29-ந் தேதி தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. அதில் 17 பேர் மேல் பலாத்காரக் குற்றம் ருசுவாயிற்று.

அதன் மேல் அப்பீல். சென்னை ஐகோர்ட்டு நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 2023 செப்டம்பர் 29-ந் தேதி தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய மேல் அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

அந்தப் பெண்கள் சொன்ன சொல் அம்பலம் ஏறிற்று. ஏற முப்பத்தோர் ஆண்டு பிடித்தது. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கே இன்று பிள்ளைகள் இருப்பார்கள்.

தூக்கா, தாமதமா?

ஒவ்வொரு கொடுமை நடக்கும்போதும் ஊர் முழுவதும் ஒரே குரல் எழும்புகிறது: "தூக்கில் போடு!" கோபம் நியாயமானது. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்சில் நடந்த கொடுமைக்குப் பிறகும் அப்படித்தான். அப்போது நியமித்த நீதிபதி வர்மா கமிட்டி ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்தது. மரண தண்டனை வேண்டாம் என்று அந்தக் கமிட்டி சொன்னது. போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட்டு மூன்றையும் திருத்தச் சொன்னது. பார்லிமெண்டு பாதியை எடுத்துக்கொண்டது. பெண் உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்று 2013-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். நாக்பூரில் 1976-ல் சொன்னது சட்டப் புத்தகத்தில் ஏற 37 ஆண்டு ஆயிற்று. சில கொடிய வகைகளுக்கு மரண தண்டனையும் சேர்த்தார்கள். டெல்லிக் குற்றவாளிகள் நாலு பேர் 2020 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஆனால் தண்டனை எவ்வளவு என்பது தீர்ப்புக்குப் பிறகு வரும் கேள்வி. தீர்ப்பு வரை போய்ச் சேருவதுதான் கஷ்டம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் பதிவான பலாத்கார வழக்குகள் 31,516. அதற்கு முந்திய சில ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், விசாரணை முடிகிற வழக்குகளில் நூற்றுக்கு 27 அல்லது 28-ல்தான் தண்டனை கிடைக்கிறது.

மற்றவை பொய் வழக்குகளா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சாட்சி பிறழ்வது உண்டு. பணம் பேசி முடிப்பது உண்டு. அவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்று பஞ்சாயத்து பேசுவதும் உண்டு. ஆண்டுக் கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து அலுத்துப் போவதும் உண்டு. பொய்ப் புகாரும் இல்லாமல் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் வக்கீல் வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும். அதில் தகராறு இல்லை. குறுக்கு விசாரணை அன்றைக்கு நடந்ததைப் பற்றி இருக்க வேண்டுமே தவிர, அவள் முன் வாழ்க்கையைப் பற்றி இருக்கக்கூடாது என்பதுதான் வாதம்.

2024 ஜூலை முதல் புதிய குற்றச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குற்றப் பத்திரிகை போட்ட இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்ற விதி அதிலும் இருக்கிறது. விதி பழையதுதான், முந்திய சட்டத்திலும் இருந்தது.

பொள்ளாச்சி வழக்கில் இரண்டையும் பார்க்கலாம். 2019-ல் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைப் போலீஸ் அதிகாரியே நிருபர்களிடம் சொல்லிவிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசு ஆணையிலும் அவள் விவரம் இருந்தது. பெயர் வெளிவரக்கூடாது என்று சட்டம் வந்து 36 ஆண்டு கழித்து இது நடந்தது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி மதுரை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

அத்தனைக்கும் பிறகு பெண்கள் வந்தார்கள். கோவை மகளிர் கோர்ட்டில் மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13-ந் தேதி ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. வெளியே வந்த அரசு வக்கீல், சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றார்.