பொன்னிற மலரெல்லாம் கொன்றை ஆகாது



இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆலயங்களில் வசந்தோற்சவம் நடைபெறும் இக்காலத்தில் கானகமும் தனக்கென ஒரு திருவிழாவை நடத்திக்கொள்கிறது. சென்ற வைகாசித் தொடக்கத்தில், மசினகுடியை அடுத்த பொக்காபுரத்தில் மாரியம்மனைத் தரிசிக்கச் சென்றபோது அவ்விழாவைக் காணும் பேறு எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது.

அம்மன் குடிகொண்டிருக்கும் அப்பகுதியைச் சூழ்ந்திருப்பது முதுமலை வனம். 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெளிமண்டலத்தையும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மாசி பங்குனியில் இங்கு மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். அந்த வறட்சியிலேதான் புரசமரம் செந்தழல்போல் பூக்கும். வேள்விச் சமித்தாக நாம் போற்றும் பலாசம் இதுவே. மரத்தின் மேல் மந்திகள் பூவும் தளிரும் தின்னும். அவை சிந்துவதைக் கீழே புள்ளிமான்கள் உண்ணும். கோடை மழை பெய்து புல் துளிர்க்கும் வேளையில், சரக்கொன்றை பொற்சரங்களைத் தொங்கவிடும்.

தெப்பக்காடு முகாமில், வளர்ப்பு யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து உருட்டிக் கவளமாக ஊட்டுவதைக் கண்டோம். வனத்துறை வண்டியில் காட்டுக்குள் ஒரு சுற்றும் சென்றுவந்தோம். ஆயினும் என் நெஞ்சில் நிலைத்தது, திரும்பும் வழியில் சாலையோரத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே.

மஞ்சள் மலர் நிறைந்த மரமொன்றைக் கண்ட என் பேத்தி, "தாத்தா, கொன்றைப்பூ! நம் ஊர் சிவனுக்குப் பறித்துப்போகலாமா?" என்று கிளையை எட்டிப் பிடித்தாள். அவ்வழியே வந்த இருளர் குலப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாப்பா, இது சாமிக்குச் சாத்தும் கொன்றை இல்லை. இது வந்த இடத்தில் மானுக்கு மேய்ச்சல் இல்லாமல் போய்விட்டது" என்றார்.

நான் திகைத்தேன். ஆண்டுதோறும் கொன்றை மாலை சாத்திய ஈசனைத் தரிசிக்கும் எனக்கே அந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. அப்பெரியவர் பொறுமையாக விளக்கினார். சரக்கொன்றையின் பூங்கொத்து, பெயருக்கேற்பச் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும், இலைகள் அகன்றவை. இம்மரத்தின் பூங்கொத்தோ கிளை நுனியில் மேல்நோக்கி நிமிரும். இலைகள் சிறியவை, பல இணைகளாக நெருங்கியவை.

மஞ்சள் கொன்றை என்று இப்போது வழங்கும் இம்மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அடர்ந்து வளர்ந்து ஒளியை மறைப்பதால் இதன் நிழலில் புல் செழிப்பதில்லை. வெட்டினாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். புல் குன்றினால் மானும் காட்டெருதும் எங்கே மேயும்? அவை குன்றினால் புலிக்கு இரை ஏது? வனத்துறை இம்மரங்களை அகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பி வருகிறது. எனினும் அது நெடும்பணி.

மெய்யான கொன்றையோ கொடுக்கவே பிறந்தது. அதன் மலரை வண்டுகள் நாடும். கோல்போல் நீண்ட கருங்காய் பழுத்து உதிரும்போது, உள்ளிருக்கும் இனிய சதையைக் கரடி விரும்பி உண்ணும். ஜாம்பவானின் குலம் உண்ட விதைகள் அதன் எச்சத்தோடு வேறோரிடத்தில் விழுந்து முளைக்கும். ஈசன் சடையில் சூடும் மலர் காட்டில் கரடியின் பசியையும் தீர்க்கிறது என்று எண்ணியபோது என் கைகள் தாமாகக் குவிந்தன.

நிறத்தால் இரண்டும் ஒன்றே. தன்னைச் சூழ்ந்த உயிர்களை வாழவிடுகிறதா என்பதில்தான் வேறுபாடு. நம் பக்திக்கும் இதுவே உரைகல் அன்றோ? காட்டுக் கோயிலுக்குச் சென்று நெகிழிப் பைகளையும் எஞ்சிய உணவையும் அங்கேயே எறிந்து வருவோமாயின், நம் வழிபாடும் பொன்னிறத்தில் பூத்து அடிநிலத்தைப் பாழாக்குவதே ஆகும்.

பேத்தி கிளையை விட்டுவிட்டாள். மெய்யான கொன்றையாயினும் காப்பகத்தில் பறிப்பது சட்டப்படி குற்றம். கரடியின் பங்கைக் கவர்வதுமாகும். அதற்கு மாற்று நம் கையிலேயே உள்ளது. அச்சிறுபாக்கம் ஆட்சீசுவரர் ஆலயத்தில் சரக்கொன்றையே தலவிருட்சம். உங்கள் ஊர்க் கோயில் நந்தவனத்திலும் ஒரு கன்று நடலாம். விதையின் தோல் கடினமானது. ஓரத்தைச் சற்றே தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள். பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பேத்தி ஊன்றிய விதை இப்போது முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. அதன் முதற்சரத்தைச் சாத்தும் நாளுக்காக நாங்கள் காத்திருக்கிறோம். ஈசனும் காத்திருப்பான்.