பந்துக்கு மட்டும் ஏன் பஞ்சப்படி இல்லை?

தக்காளி விலை ஏறினால் வீட்டில் என்ன செய்கிறோம்? ரசத்தில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டுகிறோம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டினபோது பல வீடுகளில் இதுதான் கதை. அரசாங்கமும் அப்படித்தான். ஆனால் அங்கே எதைக் குறைக்கிறார்கள் என்பது நம் கண்ணில் படுவதில்லை.

அரசு ஊழியரின் பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு தரம் கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள். நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஓய்வூதியமும் கூடவே ஏறும். கடனுக்கு வட்டி கட்டாமல் இருக்க முடியாது. இந்த மூன்றும் போனபிறகு எஞ்சுவதில்தான் பூங்கா, மைதானம், பள்ளிக்கூடத்துப் பந்து எல்லாம்!

சமக்ர சிக்ஷா திட்டத்தைப் பாருங்கள். 2018-ல் தொடங்கினபோது விளையாட்டுச் சாமான் வாங்கத் தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய், நடுநிலைக்கு 10,000, அதற்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு 25,000 வரை என்று வைத்தார்கள். 2021-ல் திட்டத்தை நீட்டித்தபோதும் இதே தொகைதான். தேசியப் போட்டியில் இரண்டு பிள்ளைகளாவது பதக்கம் வாங்கினால் அந்தப் பள்ளிக்கு இன்னும் 25,000 வரை உண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள். (பதக்கம் வாங்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே பந்து கிடைத்திருக்கும் சுவாமி!) 2018-லிருந்து 2024-க்குள் நாட்டில் சில்லறை விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிவிட்டது. அன்றைக்கு 5,000-க்கு வாங்கினதை 2024-ல் வாங்க 6,700-க்கு மேல் வேணும்.

சத்துணவு இந்த அளவுக்கு மோசமில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு, அரிசி தவிர்த்த சமையல் சாமானுக்கு, 2020 ஏப்ரலில் மத்திய அரசு வைத்த தொகை 4 ரூபாய் 97 காசு. 2022 அக்டோபரில்தான் 5.45 ஆனது. இரண்டரை வருஷம் பருப்பும் எண்ணெயும் காத்திருக்குமா? பிறகு 2024 டிசம்பரில் 6.19, 2025 மே மாதம் 6.78. கிராமத் தொழிலாளர் விலைக் குறியீட்டைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். தாமதம்தான், ஆனாலும் குறியீடு என்று ஒன்றைப் பார்த்தார்களே! பந்துக்கு அதுவும் கிடையாது.

"சித்த வைத்தியருக்கு பட்ஜெட் எதுக்கு சார்?" என்பீர்கள். நீரிழிவுக்காரர்களிடம் ஆவாரம்பூக் குடிநீரோடு நடக்கவும் சொல்கிறோம். தெருவிளக்கு எரியாத பூங்காவில் ஒரு பெண் சாயங்காலம் ஏழு மணிக்கு எப்படி நடப்பாள்? தனியார் ஜிம், கோச்சிங் கிளாஸ் எல்லாம் விலைவாசியோடு தாமே கட்டணத்தை ஏற்றிக்கொள்ளும். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பம் இந்த மாதம் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். பிள்ளை டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. பந்தில் மிச்சம் பிடித்த காசு மருந்துச் சீட்டில் போகிறது.

தமிழக அரசு 2024-ல் கிராம ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுச் சாமான்கள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். வலை கிழிந்தால், பந்து வெடித்தால் அடுத்தது வாங்க எந்தத் தலைப்பில் பணம் என்று அடுத்த கிராம சபையில் கேட்டுப் பாருங்கள். நகரத்து வாசகர்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். பஞ்சப்படிக்குப் பார்க்கிற அதே குறியீட்டை வைத்து விளையாட்டு மானியத்தையும் வருஷம் ஒரு தரமாவது ஏற்றட்டும். இரண்டு தரம் என்றுகூடக் கேட்கவில்லை.