நோயைத் தவறவிட்டால் நட்டஈடு உண்டா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எமது இல்லத்துக்கு ஆசிரியர் ஒருவர் வந்தார். கையிலே ஒரு துணிப்பை; பையினுள்ளே தடித்த கோவை ஒன்று. தேநீர் வந்தது, ஆறியது, அவர் அதைத் தொடவில்லை. கோவையையும் திறக்கவில்லை.

“ஐயா, ஒரு விஷயம் மாத்திரம் எனக்குத் தெரிய வேண்டும். வைத்தியர் பிழை விட்டார் என்று நிரூபித்தால் சட்டம் எங்களுக்கு நட்டஈடு தருமா?” என்று கேட்டார்.

அவருடைய மனைவியின் மார்பிலே சிறு கட்டியொன்று தென்பட்டது. அந்த அம்மையார் அதனை மறைத்து வைக்கவில்லை. மறுநாளே தனியார் சிகிச்சை நிலையமொன்றுக்குச் சென்று காட்டினார். வைத்தியர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை” என்று கூறி அனுப்பிவிட்டார். ஸ்கான் எடுக்கப்படவில்லை, ஊசியால் திசுவை எடுத்துச் சோதிக்கவுமில்லை. பத்து மாதங்கள் சென்றன. கட்டி வளர்ந்தது. வேறொரு வைத்தியர் பார்த்த அன்றே ஐயுற்றார். திசுப் பரிசோதனை புற்றுநோய் என்றது. அக்குள் வரை அது பரவியும் இருந்தது. கடந்த நான்கு மாதங்களாக அம்மையார் சிகிச்சை பெற்று வருகிறார்.

ஆசிரியரின் கேள்விக்கு “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரே சொல்லில் விடை கூற எம்மால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதையே இவ்வாரம் நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இது ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரிய துன்பம் அன்று. நாளை எந்த வீட்டு வாசலிலும் வந்து நிற்கக்கூடியது.

நட்டஈடு கேட்டு நீதிமன்றம் செல்பவர் மூன்று படிகளைக் கடத்தல் வேண்டும். வைத்தியர் கவலையீனமாக நடந்தார் என்பது முதற்படி. அக் கவலையீனத்தினாலேதான் தீங்கு விளைந்தது என்பது இரண்டாம் படி. அத் தீங்கு சட்டம் பணத்தால் அளக்க ஒப்பும் நட்டமே என்பது மூன்றாம் படி. இவற்றுள் ஒன்றிலே கால் தவறினாலும் வழக்கு வீழ்ந்துவிடும்.

முதற்படியைப் பார்ப்போம். வைத்தியர் தவறியதெல்லாம் கவலையீனம் ஆகாது. கைதேர்ந்தவரும் சில வேளை ஏமாறுவதுண்டு. புற்றுநோயோ பல வேடம் தரித்து வருவது. அத்துறையிலே தேர்ச்சியுடைய ஏனைய வைத்தியர் அந்நிலையில் எவ்வாறு நடந்திருப்பர் என்பதே அளவுகோல். இங்கிலாந்திலே 1957 ஆம் ஆண்டின் வழக்கொன்று இவ்வளவுகோலை வகுத்தது. பொறுப்புள்ள வைத்தியர் குழாமொன்று சரியென ஏற்கும் முறைப்படி நடந்தவர் கவலையீனர் ஆகார் என்பது அத்தீர்ப்பு. 1997 இல் அங்குள்ள பிரபுக்கள் சபை, அம்முறை நியாயத்துக்கும் பொருந்துவதாய் இருத்தல் வேண்டும் என்று மேலும் வரையறுத்தது. ஆசிரியரின் மனைவியின் விடயத்தில் இப்படி அத்துணை உயரமானதன்று. மார்பிலே கட்டி கண்டால் கையால் பரிசோதித்தல், படம் எடுத்தல், வேண்டுமிடத்துத் திசுவை எடுத்துச் சோதித்தல் என்னும் மூன்றும் சேர்ந்தே முடிவுக்கு வரவேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. கை ஒன்றையே நம்பியவர் மற்றை இரண்டையும் ஏன் விட்டார் என்பதற்கு விடை கூறியாக வேண்டும்.

இரண்டாம் படியே பெரும்பாலாரை வீழ்த்துவது. இதனை விளக்க நம் நாட்டு வழக்கொன்றையே எடுத்துக்கொள்வோம்.

1992 ஆம் ஆண்டு கொழும்பிலே ஒரு சிறுமி நோயுற்றாள். நடை தடுமாறியது. குழந்தை வைத்தியத்தில் பெரும் புகழ் படைத்த பேராசிரியர் ஒருவர், வாதக் காய்ச்சலை ஒட்டி வரும் ஒருவகை நரம்புக் கோளாறு என்று கணித்தார். உண்மையிலே சிறுமியின் மூளைத் தண்டிலே புற்றுக் கட்டி வளர்ந்திருந்தது. நோய் தெரிய வந்தபின் அவள் நெடுநாள் வாழவில்லை. தந்தையார் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் அவர் கேட்டபடியே 50 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கவலையீனத்தை ஏற்று, தொகையை 250,000 ரூபாவாகக் குறைத்தது. இறுதியிலே 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தந்தையாருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

காரணம் யாது? நோயைக் கணித்ததில் கவலையீனம் இருந்ததென்று உயர் நீதிமன்றமும் கண்டது. ஆயின், முதல் நாளே நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அச்சிறுமி பிழைத்திருப்பாளா என்ற வினா எழுந்தது. மூளைத் தண்டில் எழும் அக்கட்டி பெரும்பாலும் உயிரைக் கொள்வதே. பிழைத்திருப்பாள் என்பதே கூடுதலாக நிகழக்கூடியது என நிறுவத் தந்தையாரால் இயலவில்லை. ஆகவே, வைத்தியரின் தவறுக்கும் குழந்தையின் மரணத்துக்கும் இடையே சட்டம் வேண்டும் தொடர்பு அறுந்து போயிற்று.

இங்கிலாந்திலும் இத்தகைய வழக்கொன்று நிகழ்ந்தது. 1994 ஆம் ஆண்டு ஒருவர் தம் அக்குளில் தோன்றிய கட்டியை வைத்தியரிடம் காட்டினார். நம் ஆசிரியரின் மனைவி கேட்ட அதே சொல்லைத்தான் அவரும் கேட்டார்: வெறும் கொழுப்பு. அது நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய். சிகிச்சை ஒன்பது மாதங்கள் பிந்தியது. அத்தாமதத்தினால் அவர் நோய் நீங்கி வாழும் வாய்ப்பு நூற்றுக்கு 42 இலிருந்து 25 ஆகக் குறைந்ததென்று நீதிமன்றம் கண்டது. 2005 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையிலே ஐந்து நீதிபதிகளுள் மூவர் வழக்கைத் தள்ளினர். இருவர் நட்டஈடு வழங்க வேண்டுமென்றனர்.

மூவரின் தருக்கம் இதுவே. தொடக்கத்திலேயே அவருடைய வாய்ப்பு 50 இற்குக் குறைவு. எனவே காலத்துக்குச் சிகிச்சை பெற்றிருந்தாலும் அவர் குணமடையாதிருப்பதே கூடுதலாக நிகழக்கூடியது. தவறினால் அவர் இழந்தது வாய்ப்பேயன்றிச் சுகம் அன்று. மற்றை இருவரோ, 60 வாய்ப்பு உள்ளவன் இழந்தால் நட்டஈடும், 40 வாய்ப்பு உள்ளவன் இழந்தால் வெறுங்கையும் என்பது நீதியாகுமா என்று வினவினர். பிரான்ஸ் நாட்டு நீதிமன்றங்கள் இழந்த வாய்ப்பையே ஒரு நட்டமாகக் கொண்டு அதற்கேற்ற பங்கை வழங்குகின்றன. எமது உள்ளம் அந்த இருவர் பக்கமே சாய்கின்றது. ஏனெனில், மூவரின் தருக்கத்தை நேராகத் தொடர்ந்து சென்றால், கடுமையான நோயுடையவரிடத்தில் வைத்தியர் எத்துணை அசட்டையாய் இருந்தாலும் விலை கொடுக்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கே போய்ச் சேருகிறோம். அதிக கவனம் வேண்டுபவனுக்கே சட்டத்தின் காவல் குறைவு என்பது விந்தையல்லவா?

மூன்றாம் படிக்கு வருவோம். நம் நாட்டிலே இவ்வழக்குகளை ஆள்வது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ரோமன்-டச்சுச் சட்டம். சிகிச்சைச் செலவு, இழந்த ஊதியம் ஆகியவற்றை அது அளக்கும். உயிரோடிருக்கும் நோயாளி பட்ட உடல் வேதனைக்கும் அது ஈடு தரும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையின் துயரத்துக்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்காக நட்டஈடு கோர முடியாது என்பதையும் 2001 ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவாக்கிற்று. உழைத்து ஊதியம் ஈட்டாத சிறு குழந்தையின் உயிருக்குச் சட்டத்தின் கணக்கிலே பெறுமதி இல்லையென்றே அது பொருள்பட்டது. இக்குறையை நீக்கவே, ஆளொருவரின் மரணத்துக்கு நட்டஈடு அறவிடுதல் பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நெருங்கிய உறவினர் தம் இழப்பின் துயரத்துக்கும் ஈடு கோர அது வழி திறந்தது. எனினும் இரண்டாம் படி அப்படியே நிற்கின்றது. தவறினால்தான் மரணம் நேர்ந்தது என்பதை இன்றும் வழக்காளியே நிறுவ வேண்டும்.

இவையெல்லாவற்றையும் கேட்ட ஆசிரியர் முகம் வாடினார். “அப்படியானால் எங்களுக்கு வழி இல்லையா, ஐயா?” என்றார்.

“இல்லையென்று சொல்லவில்லை, மாஸ்டர். கேள்வியை மாற்றிக் கேளுங்கள் என்றே சொல்கிறேன்” என்றோம்.

அம்மையார் உயிரோடு இருக்கிறார்; இன்னும் நெடுநாள் இருக்கவேண்டும் என்பதே எமது வேண்டுதல். அவருடைய வழக்கு உயிர் பற்றியது மாத்திரம் அன்று. பத்து மாதங்களுக்கு முன் கட்டி சிறிதாய் இருந்தபோது சிறிய சத்திர சிகிச்சையோடு முடிந்திருக்குமா? அக்குளில் கத்தி வைக்க நேர்ந்திராதா? கடுமையான மருந்துகளும் அவற்றாலான வேதனையும் தவிர்ந்திருக்குமா? வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்திருக்குமா? இவற்றுக்கு நிபுணர் ஒருவர் “ஆம், பெரும்பாலும் அப்படித்தான்” என்று சாட்சி கூறுவாராயின், அந்த மேலதிகத் துன்பமும் செலவும் தாமதத்தின் விளைவே. அதற்கு ஈடு கேட்கலாம். ஆகவே வழக்கறிஞரைக் காணுமுன் தேட வேண்டியவர், அத்துறை அறிந்த நேர்மையான வைத்தியர் ஒருவர். அவருடைய எழுத்து மூலமான கருத்து இல்லாது தொடுக்கும் வழக்கு, அத்திவாரமின்றி எழுப்பும் சுவர் போன்றது.

இனி, நேயர்கள் யாவரும் மனத்திற் கொள்ளத்தக்க சில செய்திகளைக் கூறுவோம்.

முதலாவது, காலம். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை, வழக்குரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். இங்கிலாந்திலே மூன்று ஆண்டுகள். தவறு நடந்ததை அறிந்த நாளிலிருந்தும் அதனை எண்ணலாம். அந்தச் சலுகை நமக்கும் கிடைக்கும் என்று நம்பியிராமல், தவறு நடந்த முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆசிரியருக்கு அவ்வாறு எண்ணினால் பதினான்கு மாதங்கள் போய்விட்டன. இன்னும் பத்து மாதங்களே உள்ளன.

இரண்டாவது, ஏடுகள். முதல் நாள் தந்த சிட்டை, பற்றுச்சீட்டு, படங்கள், பரிசோதனை அறிக்கை ஆகியன யாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி வைத்தல் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள பதிவுகளை, நோயாளியின் எழுத்து மூலச் சம்மதத்தோடு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். வைத்தியர் வாயால் சொன்னதை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வைப்பதும் நன்று.

மூன்றாவது, யாருக்கெதிராக என்பது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ந்த தவறாயின், 1969 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அரசும் பொறுப்பேற்க வேண்டியதே. ஆனால் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கிடுமுன் ஒரு மாத அறிவித்தல் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அந்த மாதத்தையும் இரண்டு ஆண்டுக் கணக்கில் நினைவிற் கொள்க.

நான்காவது, இலங்கை மருத்துவச் சபை. வைத்தியரின் ஒழுக்கக் கேட்டை அச்சபை விசாரிக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரமுண்டு. ஆனால் அங்கே நட்டஈடு கிடையாது. இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

ஐந்தாவதே இவை அனைத்திலும் மேலானது. வள்ளுவப் பெருந்தகை மருந்து என ஓர் அதிகாரம் வகுத்தபோது, நோயை இன்னதென்று ஆராய்ந்து அறிவதையே வைத்தியனின் முதற்கடமையாக வைத்தார். அக்கடமை சரிவர நடந்ததா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. “இது வேறு எதுவாகவேனும் இருக்கலாமா, ஐயா? அதை அறிய எந்தப் பரிசோதனை வேண்டும்?” என்று பணிவாகக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. கட்டி வளர்ந்தால் இன்னொரு வைத்தியரிடம் காட்டுவது முதல்வருக்குச் செய்யும் துரோகமும் அன்று. நீதிமன்றம் பின்னர் தரக்கூடிய எந்தத் தொகையும், காலத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு ஈடாகாது.

ஆசிரியர் எழுந்தார். வாசல்வரை சென்றவர் திரும்பி நின்று கூறிய சொற்களே இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டின.

“காசு அவளுக்குச் சுகம் தராது என்பது எனக்குத் தெரியும், ஐயா. அவள் இரவில் நித்திரை கொள்வதில்லை. ‘நான்தான் கவனமில்லாமல் இருந்துவிட்டேனோ? இரண்டாம் தரமும் போயிருக்க வேண்டுமோ?’ என்று தன்னையே நொந்து கொள்கிறாள். ‘பிழை உன்னுடையதல்ல’ என்று பெரிய இடத்திலிருந்து ஒருவர் அவளுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வழக்கு.”

நீதிமன்றம் அதனைச் சொல்ல ஆண்டுகள் பல செல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஆகவே அன்றே அவருடன் புறப்பட்டு அவர் வீடு சென்றோம். அம்மையார் கூடத்திலே சாய்மனைக் கதிரையில் இருந்தார். “பிள்ளை, கட்டியைக் கண்ட மறுநாளே நீங்கள் வைத்தியரிடம் போனீர்கள். செய்ய வேண்டியதை உரிய காலத்தில் செய்தவர் நீங்கள். பிழை உங்களுடையதல்ல” என்று கூறினோம். அவர் விடை ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோவை இப்போது ஒரு நிபுணரின் மேசையில் இருக்கின்றது. இன்னும் பத்து மாதங்கள் உள்ளன.