காலியான கட்டிடமும் கலைப் பணிமனையும்

சர்வகலாசாலைகளில் பழைய கட்டிடம் ஒன்று காலியானால் அதன் கதி பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். இடித்துத் தரைமட்டமாக்கி மாடி மேல் மாடியாகப் புதியது எழுப்புவார்கள். அல்லது வெள்ளையடித்துப் பழைய தஸ்தாவேஜுகளை அடைத்துவைப்பார்கள். மூன்றாவது வழி ஒன்றுண்டு. சித்திரம் தீட்டவும், சிலை வடிக்கவும், மண்பாண்டம் வனையவும் தக்க பணிமனையாக அதைத் திருத்தியமைப்பதே அது. தாம்பரம் முதல் கிண்டி வரை கலாசாலைகள் மலிந்துள்ள தென்சென்னையில் இவ்வழியைக் கைக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது, கல்விக்கு இடமும் காற்றும் வேண்டும் என்பதனாலன்றோ? அந்த நியாயம் கலைக்குப் பொருந்தாதா?

சித்திரம் பயில சர்க்கார் கவின்கலைக் கல்லூரி இருக்கிறதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 1850-இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கி, தேவி பிரசாத் ராய் சௌதுரியும் பணிக்கரும் தலைமை வகித்த கீர்த்தி வாய்ந்த ஸ்தாபனந்தான் அது. ஆனால் அது இருப்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில். தாம்பரத்துப் பிள்ளை ஒருவன் மின்சார ரயில் நெரிசலில் உலராத சித்திரத்தை ஏந்திவரும் காட்சியை ஆட்சேபக்காரர் ஒருமுறை கண்ணால் காணட்டும். அன்றியும், பொருளாதாரம் படிப்பவன் தூரிகையைத் தொடலாகாது என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது? சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் பொருளாதாரம் படித்து, 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தில் சிறைபுகுந்து, சர்க்கார் கலாசாலைகளின் கதவு அடைபட்டபின் 1944-இல் சாந்திநிகேதனம் சென்றவரே, பிற்காலத்தில் பாரதத்தின் தலைசிறந்த ஓவியருள் ஒருவரான கே.ஜி. சுப்பிரமணியன்.

பயின்று வெளிவந்தவர் நிலை இன்னும் பரிதாபகரமானது. 1966-இல் பணிக்கரும் அவருடைய சகாக்களும் கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தைச் சேர்த்து இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலக் கிராமத்தை நிறுவினார்கள். அன்று அது சவுக்குத் தோப்பும் மணலுமான பிரதேசம். இன்று அதே சாலையில் இளம் ஓவியர் பத்துப்பேர் கூடினாலும் அரைக் கிரவுண்டு வாங்கவியலாது. ஆகவே பொதுஜனப் பணத்தில் நிலம் பெற்ற ஸ்தாபனங்களையே கேட்க வேண்டியிருக்கிறது. டில்லியில் லலித் கலா அகாடமி 1976-இல் கடீ என்னும் கிராமத்துப் பழங்கட்டிடத்தையே கலைஞர் பணிமனையாக்கவில்லையா?

ஆனால், வகுப்பறை வாயிலில் பெயர்ப்பலகையை மாற்றுவது திருத்தியமைப்பதாகாது. வடக்கு ஜன்னலே சித்திரசாலைக்கு உத்தமமென்று மேனாட்டுப் புத்தகங்கள் கூறும். அங்கே நண்பகற் சூரியன் ஒருநாளும் வடபுறம் வருவதில்லை. சென்னையிலோ ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறான். காலை மாலை வெயிலும் அந்த ஜன்னல் வழியே நுழையும். ஆகவே வடபுறத்திற்கும் ஆழ்ந்த வெயில்மறைப்பு அவசியம். கல்லும் சூளையும் பாரந்தாங்கும் தரைத்தளத்தில் இருக்கட்டும். காகிதமும் துணியும் மாடியில் இருக்கட்டும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததை முடிச்சூர்வாசிகள் மறக்கமாட்டார்கள். கீழ்த்தளத்து அலமாரியில் ஒருவனுடைய நான்கு வருஷச் சித்திரங்கள் இருந்தால் என்னாகும்? செப்புத்தகட்டைத் திராவகத்தில் இடும் அறைக்குப் புகைபோக்கி வேண்டும். களிமண் கரைந்த நீர் நேரே சாக்கடைக்குப் போனால் ஒரே பருவத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். இடையில் வண்டல் தங்கும் தொட்டி கட்டவேண்டும். இவையெல்லாம் அற்ப விஷயங்களென்று கருதும் கமிட்டிகளே, திறப்புவிழா முடிந்த மறுவருஷம் பணிமனையைப் பரீட்சை மண்டபமாக்கிவிடுகின்றன.

எனவே, எஞ்சினீயரின் எஸ்டிமேட்டில் நிர்வாகிகள் கையெழுத்திடுமுன் ஒரு கல்தச்சரையும் ஓர் ஓவியரையும் அழைத்துக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டட்டும். மாமல்லபுரம் தூரமில்லை, உளிப்பிடித்தவர் அங்கே அநேகர் உண்டு. மாலை ஐந்து மணிக்கு வாயிற்காவலர் பூட்டிச் செல்லும் வழக்கம் பணிமனைக்கு உதவாது. இரவு பத்து வரையாவது திறந்திருக்கவேண்டும். பட்டம் பெற்றுச் சென்ற ஏழை மாணாக்கருக்கு மூன்று வருஷம் வாடகையின்றி அங்கே இடமளிக்கும் விதியை முதல் நாளே எழுதிவைக்கவேண்டும்.