ஊர்ப் பெயர் இல்லாத சட்டை

உலகத்தில் எதை எதையோ ஏலம் போடுகிறார்கள். ராஜாக்களின் சிம்மாசனம், நடிகைகளின் காலணி, கவிஞர்கள் கடன் கேட்டு எழுதிய கடிதம் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அந்த வரிசையில், இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு வீசும் விமானங்களில் பறந்த அமெரிக்க வாலிபர்களின் தோல் ஜாக்கெட்டுகளுக்கும் நல்ல கிராக்கி இருக்கிறது. (நம் ஊரில் ஜாக்கெட் என்றால் வேறு அர்த்தம். இது ஆண்கள் மேலே போட்டுக்கொள்ளும் தோல் சட்டை.) விமானத்தில் வழி கணிக்கிற 'நாவிகேட்டர்' அணிந்த சட்டையின் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சட்டையின் மேலா, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறவர்களின் மேலா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

முதலில் சட்டையைப் பார்ப்போம். அமெரிக்க ராணுவம் 1931ல் 'ஏ-2' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட சட்டை அது. பெரும்பாலும் குதிரைத் தோல். முன்பக்கம் ஜிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல். 1943ல் இந்தத் தோல் சட்டைக்குப் புதிதாக ஆர்டர் கொடுப்பதை ராணுவம் நிறுத்திவிட்டுத் துணிச் சட்டைக்கு மாறியது. ஆகவே சரக்குக் குறைவு, விலை அதிகம். வேடிக்கை என்னவென்றால், 25,000 அடி உயரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில், இந்தச் சட்டை போதவே போதாது. அங்கே ரோமம் வைத்த ஆட்டுத்தோல் அங்கி வேண்டும். மின்சாரத்தால் சூடேறும் உடுப்பு வேண்டும். ஏ-2வின் ராஜ்யமெல்லாம் தரையில்தான்.

விலையைத் தீர்மானிப்பது சட்டையின் முதுகு. முகாமில் சித்திரம் போடத் தெரிந்த ஒருவன் அதில் விமானத்தின் செல்லப் பெயரை எழுதியிருப்பான். பக்கத்தில் ஓர் அழகியோ, கேலிச் சித்திரத்துப் பிராணியோ இருக்கும். கீழே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகள். ஒரு குண்டுக்கு ஒரு பயணம் என்று கணக்கு. 1943ல் 25 பயணங்களை முடித்தவன் வீடு திரும்பலாம். பிறகு அது 30 ஆயிற்று, 35 ஆயிற்று. ஏலக்காரர் அந்தக் குண்டுகளை எண்ணுகிறார். எண்ணிக்கைக்குத் தகுந்தபடி விலை ஏறுகிறது. சித்திரமில்லாத பழைய சட்டையை வாங்கி, புதிதாகச் சித்திரம் தீட்டி, பழசென்று விற்கிற சாமர்த்தியசாலிகளும் அந்தச் சந்தையில் இருக்கிறார்கள்.

இருபத்தைந்து குண்டுகள், சரி. எந்த இருபத்தைந்து ஊர்கள்?

இப்படிக் கேட்டவுடன், நான் அந்த வாலிபர்களைத் தூஷிக்கப் புறப்பட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அவர்கள். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப் படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிரிட்டிஷ் குண்டு வீச்சுப் படையில் மாண்டவர்கள் 55,573 பேர். 1943 அக்டோபர் 14ந் தேதி ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்துக்குப் போன அமெரிக்க விமானங்களில் 60 திரும்பவில்லை. விமானத்துக்குப் பத்துப் பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எதிர்த்தது ஹிட்லரை. அந்த யுத்தத்தில் எந்தப் பக்கம் ஜெயித்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் அந்த விமானத்தில் நாவிகேட்டருக்கு என்ன வேலை? அவன் விமானத்தை ஓட்டுவதில்லை. குண்டைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் அவனருகில் இருக்கும் இன்னொருவன் வேலை. இவனிடம் ஒரு சின்ன மேஜை, பென்சில், தேசப் படம், கடிகாரம். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எத்தனை நிமிஷம் பறந்தோம், இப்போது கீழே இருப்பது என்ன ஊர் என்று கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே வரவேண்டும். கூட்டமாகப் போகும்போது முன்னே போகும் விமானம் வழி காட்டும். ஆனாலும் ஒவ்வொரு நாவிகேட்டரும் தன் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும். அடிபட்டுக் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டால், ஒன்பது பேரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பென்சில்தான். சுருக்கமாகச் சொன்னால், கீழே உள்ள ஊரின் பெயர் தெரிந்தவன் அவன். அது தெரியவில்லை என்றால் அவனுக்கு உத்தியோகமே இல்லை.

அந்தப் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1941ல் பிரிட்டிஷ் சர்க்கார், இரவில் எடுத்த போட்டோக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தது. இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைலுக்குள்ளாவது போயிருந்தது. தொழிற்சாலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? 1942 பிப்ரவரியில் வந்த உத்தரவு, தொழிலாளர் குடியிருக்கும் நகரத்தையே இலக்காக்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தில் நெருப்புப் புயல் எழுந்து 35,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஊர் தவறிப் போனதும் உண்டு. 1944 பிப்ரவரி 22ல் ஜெர்மன் ஊர் என்று நினைத்து ஹாலந்து தேசத்து நைமேகன் நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. நேச நாட்டு ஜனங்கள் ஏறக்குறைய 800 பேர் செத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, யுத்தத்திலேயே சேராத ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌஸன் அடிபட்டது. 1945 மார்ச்சில் ஸூரிச் நகரம். ஸூரிச் விஷயத்தில் ராணுவ நீதிமன்றமே கூடியது. கூண்டில் நின்றவர்கள் இருவர்: முன்னணி விமானத்தின் விமானி ஒருவர், மற்றவர் நாவிகேட்டர். நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? அப்போது விமானப் படையில் கர்னலாக இருந்த சினிமா நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

தவறான ஊர் என்றால் விசாரணை. சரியான ஊர் என்றால் பதக்கம். நாவிகேட்டரின் மானமும் அவமானமும் ஊர்ப் பெயரில்தான் இருந்தன. அந்தப் பெயரை மட்டும் உதிர்த்துவிட்டு, தோலையும் ஜிப்பையும் அழகியையும் பாதுகாக்கிறார்களே, இதற்குப் பெயர் ஞாபகார்த்தமா? இறந்தவரின் செருப்பை வைத்துக்கொண்டு அவர் நடந்த பாதையை மறந்துவிடுவதற்கு ஞாபகம் என்று பெயர் கிடையாது.

"ஏன், சில சட்டைகளில் பெர்லின் என்று எழுதியிருக்கிறதே! அதற்கு விலைகூட அதிகமாயிற்றே!" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். வேட்டைக்காரன் புலித்தலையை மாட்டி வைக்கிற மாதிரி அது மாட்டப்பட்டிருக்கிறது. அங்கே போனான், திரும்பி வந்தான் என்பது மட்டுமே அதில் செய்தி. அன்றைக்கு அந்த ஊரில் என்ன நடந்தது என்பதற்குச் சட்டையில் இடமில்லை.

"பொருள் என்ன பாவம் செய்தது? அது வெறும் தோல்" என்பது இன்னொரு வாதம். வெறும் தோலானால் புதிய சட்டையின் விலைக்கு விற்கட்டுமே! பல மடங்கு கேட்பது தோலுக்காக அல்ல, அதனோடு ஒட்டியிருக்கும் யுத்தத்துக்காக. யுத்தத்தைக் காட்டி விலை கேட்கிறவர், யுத்தத்தை முழுவதும் காட்டக் கடமைப்பட்டவர்.

ஒரு சட்டை, வாங்குகிறவன் வாசிக்க மறுத்ததைச் சத்துருவுக்கு வாசித்துக் காட்டிய கதையும் உண்டு. 1943 இறுதியில் ஜெர்மானியரிடம் கைதியான ஓர் அமெரிக்கனின் முதுகில், 'மர்டர் இன்கார்ப்பரேட்டட்' என்ற கொலைகாரக் கும்பலின் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தது. அது அவன் விமானத்தின் செல்லப் பெயர். வாலிபர்களின் குறும்பு, அவ்வளவுதான். நாஜிகளின் பத்திரிகைகள் அந்தப் படத்தை அச்சிட்டு, "பாருங்கள், தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்று கூவின. வார்ஸாவையும் ராட்டர்டாமையும் கவென்ட்ரியையும் கொளுத்தியவர்கள் அந்த நியாயம் பேசினார்கள்! அவர்கள் பேச்சை நான் ஒரு காசுக்கும் மதிக்கவில்லை. ஆனால் முதுகில் எழுதியதற்கு அர்த்தம் உண்டென்று எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். நமது சேகரிப்பாளர்களோ எழுத்தின் வர்ணம் உதிரவில்லையே என்றுதான் பார்க்கிறார்கள்.

நாவிகேட்டர்களிலெல்லாம் பெயர் பெற்றவர் தியோடர் வான் கிர்க். 1945 ஆகஸ்ட் 6ந் தேதி 'எனோலா கே' விமானத்துக்கு வழி கணித்தவர். அப்போது வயது 24. தினியன் தீவிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் கடலின் மேல் பறந்து, குறித்த நேரத்துக்குச் சில விநாடிகளே பிந்தி விமானத்தை ஹிரோஷிமாவின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். கணக்கென்று பார்த்தால் அபாரமான கணக்கு. அன்று அவர் எழுதிய குறிப்பேடு 2007ல் 3,58,500 டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. வான் கிர்க் 2014ல், 93வது வயதில், அந்த விமானக் குழுவின் கடைசி மனிதராகக் காலமானார்.

அதே விமானத்தை 1995ல் வாஷிங்டன் மியூஸியம் ஒன்றில் வைக்க ஏற்பாடு நடந்தது. விமானத்தோடு ஹிரோஷிமாவின் பொருள்கள் சிலவற்றையும் வைப்பதாகத் திட்டம். அதில் ஒன்று பள்ளிக்கூடச் சிறுமியின் சாப்பாட்டு டப்பா. உள்ளே சோறும் பட்டாணியும் கரியாகியிருந்தன. பழைய படைவீரர்களின் சங்கங்கள் எதிர்த்தன. பார்லிமெண்டு அங்கத்தினர்களும் சேர்ந்துகொண்டார்கள். கண்காட்சித் திட்டம் ரத்தாயிற்று. மியூஸியத்தின் தலைவர் ராஜினாமாச் செய்தார். டப்பா வரவில்லை. விமானத்தின் உடலை மட்டும் வைத்தார்கள்.

விமானத்துக்கு இடமிருந்தது, குறிப்பேட்டுக்கு மூன்றரை லட்சம் டாலர் இருந்தது, ஒரு சாப்பாட்டு டப்பாவுக்கு மட்டும் இடமில்லை! அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேர் மாண்டார்கள் என்பது அந்த நகரத்தின் கணக்கு. அந்தக் குண்டு யுத்தத்தைச் சீக்கிரம் முடித்து அநேக உயிர்களைக் காப்பாற்றியது என்று வான் கிர்க் கடைசி வரையில் சொல்லி வந்தார். அவர் அபிப்பிராயத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அப்படி நம்புகிறவர்கள்தான் அந்த டப்பாவை முதலில் வைத்திருக்க வேண்டும். நியாயத்தில் நம்பிக்கை உள்ளவனுக்கு எதிர்க்கட்சியின் சாட்சியைப் பார்த்துப் பயம் எதற்கு?

நான் கதை எழுதுகிறவன். ஆகவே கதைக்காரர்களையும் சாட்சிக்கு அழைக்கிறேன். ஜோசப் ஹெல்லர் இத்தாலியில் 60 முறை குண்டு வீசப் பறந்தவர். அவர் 1961ல் 'காட்ச்-22' என்று ஒரு நாவல் எழுதினார். குண்டுச் சில்லுக்குத் தடுப்பாக அணிந்த கவசச் சட்டையை ஒரு வாலிபனின் உடம்பிலிருந்து அவிழ்க்கும்போது உள்ளே என்ன இருந்தது என்பதுதான் அதன் உயிர்நிலை. கர்ட் வானகட் அமெரிக்கச் சிப்பாய். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரத்தில் கைதியாக இருந்து, தன் நாட்டாரும் நேச நாட்டாரும் வீசிய குண்டுகளுக்குக் கீழே உயிர் தப்பியவர். அங்கே மாண்டவர்கள் 25,000 பேர் வரை. அவர் எழுதிய 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' 1969ல் வந்தது. ஒருவர் மேலே இருந்தார், ஒருவர் கீழே இருந்தார். இருவருமே சட்டைக்குள் இருக்கும் உடம்பையும், விமானத்துக்குக் கீழே இருக்கும் ஊரையும் மறைக்கவில்லை. அதனால்தான் அவை நாவல்கள். மறைத்திருந்தால் அவையும் ஏலச் சாமான்கள்தாம்.

சென்னை வெயிலில் 'பாம்பர் ஜாக்கெட்' போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகளோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கு வியர்வையே போதுமான தண்டனை. சண்டையெல்லாம், "இது சரித்திரம்" என்று சொல்லி விலை பேசுகிறவர்களோடும், அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறவர்களோடும்தான்.

சட்டையை எரிக்கச் சொல்லவில்லை. அதை அணிந்தவன் பயந்திருப்பான், குளிரில் நடுங்கியிருப்பான், பக்கத்தில் இருந்த நண்பனை இழந்திருப்பான். அவன் பேரப்பிள்ளைகள் அதைப் பெட்டியில் வைத்துப் போற்றுவது நியாயம். நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. எத்தனை குண்டுகள் தீட்டியிருக்கின்றனவோ அத்தனை வரிகள். இன்ன தேதி, இன்ன ஊர், மேலே இத்தனை பேர் திரும்பவில்லை, கீழே இத்தனை பேர் பிழைக்கவில்லை. படைகளின் பயணப் பதிவுகள் இருக்கின்றன. ஊர்களின் மரணக் கணக்குகளும் இருக்கின்றன. தேடி எழுத ஒரு மாதம் ஆகலாம். 25,000 அடி உயரத்தில், விரல் விறைக்க, பென்சிலால் ஊர்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தவனுக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அந்தச் சீட்டை எழுதிச் சட்டையின் பக்கத்தில் வைக்கட்டும். அதற்குப் பிறகு என்ன விலை வேண்டுமானாலும் கேட்கட்டும்.