காடு வளர்க்கும் ஒப்பந்தமும் கமக்காரர் உரிமையும்

நெற்செய்கை பண்ணுவோருக்குக் காடு அயலான் பொருள் அன்று. குளத்தின் நீரேந்து பகுதியில் நிற்கும் மரங்கள் அழிந்தால், மாரிமழையில் மண் அரிக்கப்பட்டுக் குளத்தின் அடியில் வந்து படியும். குளம் தூர்ந்தால் சிறுபோகம் சுருங்கும். மரக்கறிச் செய்கையாளருக்கும் வேலிக்கதியால், பந்தற்கால், பசளைக்கு வேண்டிய குழை, அடுப்புக்கு வேண்டிய விறகு ஆகிய அனைத்தும் மரத்திலிருந்தே கிடைக்கின்றன. ஆகவே அரசாங்கம் மரம் நாட்டும் கூட்டுத் திட்டம் ஒன்றைக் கிராமத்துக்குக் கொண்டுவரும்போது கமக்காரர் அதனை விருப்புடன் ஏற்பது இயல்பே. ஏற்கவும் வேண்டும்.

எனினும் இத்தகைய திட்டங்களில் கேட்கவேண்டிய முதற் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகின்றது. எத்தனை கன்று கிடைக்கும், எவ்வளவு பணம் கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பவற்றையே யாவரும் விசாரிக்கின்றனர். "இவ்வுறுதியை வழங்குவதற்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகின்றது?" என்று கேட்பவர் அரியர். கன்று நடுபவர் ஒருவர், அது மரமாகி வெட்டும் பருவம் அடையும்போது உத்தியோகத்தர் மாறியிருப்பர், திட்டம் முடிந்திருக்கும், உதவிய நாடும் விலகியிருக்கும். அந்நாளில் கமக்காரரின் கையில் எஞ்சி நிற்பது எழுத்திலுள்ள ஒப்பந்தமும் அதன் பின்னாலுள்ள சட்டமும் மாத்திரமே.

சட்டம் எவ்வாறு நிற்கின்றது?

இலங்கையில் காட்டு நிலத்தின் மீது அரசுக்குள்ள உரிமை பழமையானது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்போ செய்கையோ இன்றியும் கிடக்கும் நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று கொள்ள வழி செய்தது. சேனைச் செய்கையாளர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட நிலத்தில் உரிமையை நிலைநாட்ட இயலாது போனமைக்கு அச்சட்டமே அடிப்படை. பின்னர் 1885 இலும் 1907 இலும் காட்டுக் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டமே, பலமுறை திருத்தப்பட்டு, 2009 ஆம் ஆண்டின் 65 ஆம் இலக்கத் திருத்தத்தையும் பெற்று, காட்டு நிருவாகத்துக்கு ஆதாரமாக விளங்குகின்றது.

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரச நிலத்தில் ஒருவர் எத்துணை உழைத்து மரம் வளர்த்தாலும் உழைப்பு மாத்திரம் அவருக்கு மரத்தில் உரிமையைத் தாராது. உரிமை வரவேண்டுமானால் அது சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட குத்தகை, உத்தரவுப்பத்திரம், அளிப்பு அல்லது ஒப்பந்தத்தின் வழியாகவே வரவேண்டும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டமும் இவ்வகைப் பத்திரங்களுக்கு இடமளிக்கின்றன. குடியேற்றத் திட்டங்களில் வயற்காணி பெற்றோர் இவற்றின் பெறுமதியை நன்கு அறிவர். வயலுக்கு உத்தரவுப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கும் கமக்காரர், மரத்துக்கு மாத்திரம் வாய்ச்சொல்லை நம்பி நிற்பது பொருந்தாது.

சொந்தக் காணியிலும் இவ்விழிப்பு வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தம் வளவில் நிற்பவையாயினும் அனுமதியின்றி வெட்டலாகாது. வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். மரம் வளர்க்கும் திட்டத்தில் சேர்வோர் எந்த இனத்தை நடுகின்றனர், அதனை வெட்டவும் கொண்டுசெல்லவும் எந்த அனுமதி வேண்டும் என்பதை நடுமுன்னரே அறிதல் நன்று.

கூலியாளரா, உதவி பெறுபவரா, பங்காளியா?

காடு வளர்ப்பில் அரசும் குடிமக்களும் சேரும்போது குடிமகனின் நிலை மூன்று வகையாகலாம். இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. அங்கே 1911 இல் இயற்றப்பட்ட வீக்ஸ் சட்டம், ஆறுகளின் தலைப்பகுதியிலுள்ள காடுகளைத் தீயினின்று காப்பதற்கு மத்திய அரசு மாநிலங்களுடன் சேர்ந்து பணம் செலவிட அதிகாரம் அளித்தது. 1924 இன் கிளார்க்-மக்னாரி சட்டம் கமக்காரருக்கு மரக்கன்று வழங்கும் பணியையும் அதனுடன் சேர்த்தது. 1978 இன் கூட்டுறவு வனவியல் உதவிச் சட்டம் இவ்வுதவிகளை ஒழுங்குபடுத்தியது. இவையனைத்துக்கும் மேலாக 1977 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு செய்யும் ஒப்பந்தங்களை மூன்றாகப் பிரித்தது. அரசு தன் தேவைக்காக வேலையையோ பொருளையோ வாங்கினால் அது கொள்வனவு ஒப்பந்தம். பொதுநலத்துக்காகப் பிறர் செய்யும் பணிக்குப் பணம் தந்து, அதில் தான் அதிகம் தலையிடாதிருந்தால் அது நன்கொடை. பணமும் தந்து பணியிலும் கணிசமாகப் பங்குகொண்டால் அது கூட்டுறவு ஒப்பந்தம்.

அந்நாட்டுச் சட்டங்களை இங்கே அப்படியே பின்பற்றவேண்டும் என்பதில்லை. ஆயினும் அங்குள்ள பிரிவினையைக் கொண்டு நம் நாட்டின் அனுபவத்தை அளந்து பார்க்கலாம். உலர் வலயத்தில் தேக்கு வளர்ப்பதற்குச் சேனைச் செய்கையாளரைக் காட்டுத் திணைக்களம் சேர்த்துக்கொண்டமை பலருக்கும் நினைவிருக்கும். தேக்குக் கன்றுகளின் இடையே சில ஆண்டுகள் தம் பயிரைச் செய்யலாம்; பதிலாகக் கன்றுகளைக் களைபிடுங்கிக் காக்கவேண்டும்; நிழல் படர்ந்தபின் நிலத்தை விட்டு நீங்கவேண்டும். சில போகம் விளைச்சல் கிடைத்தமை உண்மையே. ஆனால் தேக்கு அரசின் சொத்தாகவே நின்றது. பெயரில் கூட்டுறவு, பொருளில் கூலி. கூலி வேலை இழிவன்று. கூலியைப் பங்கு என்று அழைப்பதே பிழை. பங்கு என்று நம்பியவர் பின்னர் ஏமாற்றமடைவார். ஏமாற்றமடைந்தவர் அம்மரத்தைக் காக்கமாட்டார்.

1982 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு மாவட்டங்களில் சமுதாய வனத் திட்டம் தொடங்கப்பட்டபோது இவ்வுண்மை மேலும் விளங்கியது. ஊர் முழுவதற்கும் பொதுவென நட்ட தோப்புக்கள் செழிக்கவில்லை. யாருக்கு எவ்வளவு என்பது தெளிவாக இல்லாத இடத்தில் காவல் இருக்க எவரும் முன்வரவில்லை. தனித்தனிக் கமக்காரருக்குப் பிரித்துக் கொடுத்த தோப்புக்களோ அவற்றிலும் மேலாக வளர்ந்தன. 1993 இல் தொடங்கிய பங்கேற்பு வனத் திட்டம் இப்பாடத்தைக் கொண்டு, கமக்காரர் தோப்புக்களுக்கு 25 ஆண்டுக் குத்தகை முறையைக் கைக்கொண்டது. எழுத்தில் உரிமை கிடைத்த இடத்தில் மரம் பிழைத்தது.

சுற்றுநிருபமும் சட்டமும்

எழுத்து என்று சொல்லும்போதும் எல்லா எழுத்தும் ஒன்றல்ல. பாராளுமன்றம் இயற்றிய சட்டம் ஒருவகை. அச்சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் கட்டளை இன்னொருவகை. அமைச்சோ திணைக்களமோ அனுப்பும் சுற்றுநிருபம் பிறிதொருவகை. சுற்றுநிருபம் உத்தியோகத்தருக்கு வழிகாட்டும். அதனை வெளியிட்டவரே மறுநாள் திரும்பப் பெறவும் கூடும்.

இதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைக்கும் 5/2001 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் 2001 இல் வெளியாயிற்று. 2020 நவம்பரில் வேறொரு சுற்றுநிருபத்தினால் அது நீக்கப்பட்டு, அந்நிலங்கள் பற்றிய அதிகாரம் பிரதேச செயலாளர்களுக்குச் சென்றது. அதனை எதிர்த்து வழக்கும் தொடரப்பட்டது. எது சரி, எது பிழை என்பது ஒருபுறம் இருக்க, ஏறக்குறைய 20 ஆண்டுகள் நின்ற ஏற்பாடு ஒரு தாளினால் வந்து ஒரு தாளினால் போயிற்று என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. நெல்லுக்கு நான்கு மாதம் போதும். மரத்துக்கு 20 ஆண்டும் குறைவு. நீண்டகாலப் பயிருக்கு நீண்டகாலம் நிற்கும் ஆதாரமே வேண்டும்.

அயல்நாடாகிய இந்தியாவும் இதே வழியில் நடந்து பாடம் கற்றது. மேற்கு வங்கத்தில் ஆராபாரி என்னும் இடத்தில், அஜித் குமார் பானர்ஜி என்ற வன உத்தியோகத்தர் 1972 இல் 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்களைக் கொண்டு 1,272 ஹெக்டேயர் சால் காட்டைக் காக்கும் முயற்சியைத் தொடங்கினார். காவலுக்குப் பதிலாகக் குடும்பங்களுக்கு நிகர வருமானத்தில் 25 சதவீதம் என்பது ஏற்பாடு. அழிந்து கிடந்த காடு மீண்டும் தழைத்தது. 1989 இல் அம்மாநிலம் இம்முறையை விரிவாக்கும் தீர்மானத்தை வெளியிட்டது. 1990 ஜூன் 1 இல் மத்திய அரசும் ஏனைய மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் இவை யாவும் தீர்மானமும் சுற்றறிக்கையுமே. குழுக்களின் உரிமைக்குச் சட்டப் பலம் குறைவு என்ற குறை நீடித்தது. காட்டைச் சார்ந்து வாழும் சமூகங்கள் தம் காட்டைக் காக்கவும் நிருவகிக்கவும் உள்ள உரிமை பாராளுமன்றச் சட்டத்தில் ஏறியது 2006 இலேயே.

மறுப்பும் விடையும்

இதற்கு மாறாகச் சிலர் இரு நியாயம் கூறுவர். சட்டம் இயற்றக் காலம் செல்லும். சுற்றுநிருபமோ விரைவானது, இடத்துக்கேற்ப வளைந்து கொடுப்பது என்பது ஒன்று. நாற்றுமேடையில் கன்று காத்திருக்கும்போது சட்டம் வரும்வரை பொறுக்க இயலாது என்பதும் மெய்யே. ஆனால் புதுச்சட்டம் எப்போதும் தேவையில்லை. ஒரு கிராமச் சமூகத்தின் நன்மைக்காகக் காட்டின் ஒரு பகுதியைக் கிராமக் காடாக அமைக்க 1907 ஆம் ஆண்டுச் சட்டமே இடம் வைத்திருக்கின்றது. கையிலுள்ள கருவியை எடுத்து உபயோகித்தாலே பெரும்பயன் விளையும்.

கமக்காரருக்கு உரிமை அளித்தால் மரத்தை வெட்டி விற்றுவிடுவர் என்பது மற்றொன்று. அனுபவம் இதற்கு எதிராகவே நிற்கின்றது. நாளை தனக்குக் கிடைக்குமா என்று ஐயுறுபவனே இன்று வெட்டுகின்றான். நாளையும் தன்னுடையது என்று அறிந்தவன் காத்திருக்கின்றான். பலாக்கன்றை வளவில் நட்டுப் பேரப்பிள்ளை காலம்வரை காப்பவரும் இதே கமக்காரரே.

பணவுதவி பற்றியும் ஒரு சொல் வேண்டும். பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விதிக்கின்றது. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கப்பட்டாலன்றிப் பணம் வராது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அரச பணத்துக்கு அது இருமடங்கு பொருந்தும். ஆகவே கணக்கும் பற்றுச்சீட்டும் பரிசோதனையும் கேட்கப்படும்போது கமக்காரர் மனங்கோணலாகாது. அதேபோல மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் உறுதி கூறப்படும்போது, அப்பணம் எந்த ஒதுக்கீட்டிலிருந்து வரும் என்று கேட்பதும் அவர் உரிமை.

கையொப்பமிடுமுன் கேட்கவேண்டியவை

1. நிலம் எவ்வகையானது? ஒதுக்கக் காடா, ஏனைய அரச நிலமா, தனியார் காணியா? எல்லை அளக்கப்பட்டு வரைபடம் இணைக்கப்பட்டுள்ளதா?

2. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் ஒப்பந்தம் செய்யப்படுகின்றது? கையொப்பமிடும் உத்தியோகத்தருக்கு அதற்குரிய அதிகாரம் உண்டா?

3. மரம் யாருடையது? இடைவெட்டில் வரும் கம்பு, விறகு, குழை யாருக்கு? இறுதி வெட்டில் பங்கு எவ்வளவு?

4. காலம் மரத்துக்குப் பொருந்துகின்றதா? விறகுக்கு வளரும் இனத்துக்கு 25 ஆண்டு தாராளம். தேக்குப் பெருமரமாக முதிர அது போதாது. காலம் முடியுமுன் கமக்காரர் இறந்தால் உரிமை பிள்ளைகளுக்குச் செல்லுமா?

5. பணம் எத்தனை தவணையில் வரும்? வரட்சியாலோ யானையாலோ கன்று அழிந்தால் நட்டம் யாருடையது? பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டிவருமா?

6. பிணக்கு எழுந்தால் எங்கே முறையிடுவது?

7. தமிழில் எழுதிய பிரதி கையில் கிடைக்குமா?

இவற்றைத் தனியே கேட்கக் கூசுபவர் கமக்காரர் அமைப்பின் வழியாகக் கேட்கலாம். கூட்டத்தில் வாசித்து விளக்கப்பட்ட ஒப்பந்தம் பின்னர் பிணக்கைத் தவிர்க்கும்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் கடமை உண்டு. கமக்காரர் கையொப்பமிடும் தாளில் அவர் பெறும் உரிமை, அவர் செய்யவேண்டிய வேலையளவு தெளிவாக எழுதப்படவேண்டும். அது சட்டத்தின் பெயரையும் பிரிவையும் காட்டவேண்டும். அவர் வாசிக்கும் மொழியில் அமையவேண்டும். திட்டப் பணம் முடிந்த பின்னரும் அவ்வுரிமை நிற்கும்படி குத்தகையும் கிராமக் காட்டு அறிவிப்பும் முன்னதாகவே நிறைவேற்றப்படவேண்டும். மூன்றாண்டுத் திட்டமொன்றின் வெற்றியை நட்ட கன்றின் தொகையால் அளப்பது எளிது. 20 ஆண்டின் பின் நிற்கும் மரத்தால் அளப்பதே நேர்மை.

குழி தோண்டி, எருவிட்டு, நீர் வார்த்துக் கன்று நடுவது கமக்காரருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதொன்றன்று. அக்குழியை வெட்டுமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுவதும் வாசித்து, பிரதியொன்றை வயற்காணியின் உத்தரவுப்பத்திரத்துடன் சேர்த்துப் பெட்டியில் வைப்பாராயின், மரத்தின் நிழல் அவர் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.